தொட்டுக்க என்ன?

சமையலில் எனக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் உண்டு. அடுப்பில் எது ஏறினாலும், “இது எதுக்குத் தொட்டுக்க?” என்று கேட்பேன். பதில் உடனே வர வேண்டும். மோர்க்குழம்புக்கு உருளைக்கிழங்கு வறுவல், வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளம், ரசத்துக்குப் பருப்புத் துவையல், பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம். ஜோடி மாறினால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஓய்வுபெறும் வரை மதுரையில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டத்தைப் பார்க்கும் பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது. பதார்த்தங்களுக்கும் அதே சட்டம்தான்.

அப்படி விட்டத்தைப் பார்த்த பதார்த்தம் ஒன்று உண்டு. கேஜன் உருளைக்கிழங்கு.

முதலில் எனக்கு அது அறிமுகமானது சென்னையில். மேசைக்கு நடுவில் குழி வெட்டி, அதில் கரியடுப்பை இறக்கி, கம்பியில் குத்திய கோழியையும் அன்னாசிப் பழத்தையும் நாமே திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொள்ளச் சொல்வார்களே, அந்த மாதிரி உணவகம். காசும் கொடுத்து வேலையும் செய்ய வேண்டும் என்பதால் மரியாதையான கூட்டம். அங்கே குட்டி உருளைக்கிழங்கை வேகவைத்து, லேசாக நசுக்கி, சோளமாவில் புரட்டிப் பொரித்து, மேலே ஆரஞ்சு நிறத்தில் மயோனைஸை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். மகள் வீட்டுப் பிள்ளைகள் சோறு வரும்வரை காத்திருக்கவில்லை. தட்டுத் தட்டாக அதையே காலி செய்தார்கள். பரிமாறிய தம்பியிடம், “கேஜன்னா என்னப்பா?” என்று கேட்டேன். “கேஜன்னா கேஜன்தான் மேடம்” என்றான். என் வகுப்பில் அவனுக்கு முட்டைதான் போட்டிருப்பேன்.

பிறகு விதி என்னைக் கேஜன் நாட்டுக்கே கொண்டுபோய் இறக்கியது. மகனுக்கு வேலை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லாஃபயெட் என்ற ஊரில். ஊருக்குத் திரும்பி இந்தப் பெயரைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகம் தொங்கிப்போகும். நியூஜெர்சி என்றால் அவர்களுடைய ஓரகத்தி மகள் அங்கே இருப்பாள். டல்லாஸ் என்றால் கொழுந்தனார் வீடு வாங்கியிருப்பார். லாஃபயெட்டில் யாருக்கும் யாரும் இல்லை. “அது அமெரிக்காதானே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் சொன்னான்: “அம்மா, இன்னைக்கு நீ ரெஸ்ட் எடு. நான் கேஜன் பொட்டேட்டோ பண்றேன்.”

ஓய்வு என்பது சமையல் மேடைக்கு எதிரே உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல், அவன் செய்வதையெல்லாம் பார்ப்பது. கை சும்மா இருந்ததே தவிர, வாய்க்கு அன்று இரட்டை வேலை.

அவன் ஒரு பச்சை டப்பாவைத் திறந்தான். எனக்கு ஒரே வாசனைதான் வந்தது. “ஏன்டா, பாப்பாவுக்கு வயிறு சரியில்லையா?” என்றேன். “இது கேஜன் மசாலாம்மா” என்றான். மசாலாவாவது, ஓமத்தண்ணீர் வாசனை வருகிறது என்கிறேன். மருமகள் கெமிஸ்ட்ரி படித்தவள். டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, “அத்தை சொல்றது சரிதான். இதுல தைம்னு ஒரு இலை இருக்கு. அதுல இருக்கிற தைமால்தான் நம்ம ஓமத்துலயும் இருக்கு” என்றாள். என் மூக்குக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் கிடைத்தது. மகன் அந்தப் பக்கம் திரும்பி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

டப்பாவின் பின்பக்கத்தை நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அமெரிக்காவில் எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் உப்பு. கடையில் அடுக்கியிருக்கும் கேஜன் பொடிகள் பலவற்றிலும் இதே கதைதான். அதற்குப் பிறகே மிளகாய், மிளகு, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, பாப்ரிகா, தைம், ஓரிகானோ என்று வரிசை. ஆகவே உப்புப் போட்ட பொடியைத் தூவிவிட்டு, பழக்கதோஷத்தில் இன்னொரு கரண்டி உப்பையும் போடுகிறவர்கள் கையோடு ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே உப்பில்லாமல் பொடி கலந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். பாப்ரிகா நாலு பங்கு, பூண்டுப் பொடி இரண்டு, வெங்காயப் பொடி ஒன்று, தைமும் ஓரிகானோவும் ஒவ்வொன்று, மிளகு ஒன்று, வெள்ளை மிளகு அரை, கயேன் மிளகாய்த்தூள் அவரவர் தைரியத்துக்கு.

இந்தக் கலவையை ஆசிரியர் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உருளைக்கிழங்கு, மிளகாய், பாப்ரிகா எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். கத்தரிக்காயும் தக்காளியும் கூட அதே வீட்டுப் பிள்ளைகள்தான். உருளைக்கிழங்குக்கு மிளகாய்த்தூள் தூவுவது, மதுரைப் பக்கத்தில் மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் நடக்கிற கல்யாணம் மாதிரி. சீர் செனத்தியில் தகராறு வராது. இரண்டுக்கும் பிறந்த மண் அமெரிக்கக் கண்டம். கப்பலேறி ஐரோப்பா போய், போர்ச்சுகீசியர் கையால் நம் கரைக்கு வந்தவை. கலவையில் நம்மூர் ஆள் ஒரே ஒருவர்தான், மலபார்க் கரை மிளகு. வெள்ளை மிளகும் அவரேதான். ஊறவைத்துத் தோலுரித்ததும் பெயரும் விலையும் ஏறிவிட்டன.

மகன் சமைக்கும் அழகைச் சொல்ல வேண்டும். கிழங்கை எடை போட்டான். எண்ணெயை எடை போட்டான். பொடியை எடை போட்டான். என் அம்மா இருந்திருந்தால் தங்கம் வாங்கப் போகிறான் என்று நினைத்திருப்பாள். “425 டிகிரியில வைக்கணும்மா” என்றான். தூக்கிவாரிப்போட்டது. அது ஃபாரன்ஹீட்டாம், நம் கணக்கில் 220 செல்சியஸ் பக்கம்.

ஆனால் குறை சொல்வதற்காகக் குறை சொல்லக் கூடாது. சில விஷயங்களை அவன் சரியாகவே செய்தான். நறுக்கிய கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அலசினான். மேலே ஒட்டிய மாவுச்சத்து போனால்தான் மொறுமொறுப்பு வரும், ஒன்றோடொன்று ஒட்டாது. உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, வடிகட்டி, பாத்திரத்தோடு நாலு குலுக்குக் குலுக்கினான். ஓரமெல்லாம் சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பில்தான் எண்ணெயும் பொடியும் ஏறும். தட்டில் இடம் விட்டுப் பரப்பினான். நெருக்கி வைத்தால் கிழங்கிலிருந்து கிளம்புகிற ஆவியில் அது அவிந்துபோகும், வறுபடாது. கிழங்கு ஃபிரிட்ஜிலிருந்து வரவில்லை, கூடையிலிருந்து வந்தது. குளிரில் வைத்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சீக்கிரம் கருத்துவிடும். பெற்ற வயிறு குளிர்ந்தது.

“பூண்டு டப்பாவுக்குள்ள ஏன் பொடியா இருக்கு? எதிர்ல கூடையில பல்லு பல்லா இருக்கே?” என்று மட்டும் கேட்டேன். பச்சைப் பூண்டு அத்தனை சூட்டில் கிழங்கு வேகுமுன் கருகிக் கசந்துவிடும் என்றான். சரி. ஆனால் பொடி மட்டும் கருகாதா? பாப்ரிகாவும் பூண்டுப் பொடியும் முழு நேரமும் அடுப்புக்குள் இருந்தால் அதுவும் கசக்கும். பாதிப் பொடியை முதலில் போடு, மீதியைக் கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது புரட்டு என்றேன். ஸ்டூலில் இருந்தபடி நான் அன்று செய்த சமையல் இது ஒன்றுதான்.

கிழங்கு வந்தது. வெளியே சிவந்து மொறுமொறுவென்றும் உள்ளே மாவாகவும் நன்றாகவே இருந்தது. நான் கேள்வியைக் கேட்டேன்.

“இது எதுக்குத் தொட்டுக்க?”

“எதுக்கும் இல்லம்மா. சும்மா சாப்பிடலாம்.”

“சும்மா சாப்பிட இது என்ன பட்டாணிக் கடலையா?”

“கிரில்டு சிக்கனுக்கு சைட் டிஷ், அத்தை” என்று மருமகள் சமரசம் செய்தாள். சிக்கன் எங்கே என்றேன். சிக்கன் இல்லை. துணைக்கு வந்தவர் மட்டும் வந்திருக்கிறார், மாப்பிள்ளையைக் காணோம். பேத்தி இதற்குள் தக்காளி சாஸில் தோய்த்துப் பாதியை முடித்துவிட்டாள். தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்துக்கே ஒன்றைத் தொட்டுக்கொண்டால் அந்த வீட்டில் எது சோறு, எது குழம்பு? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் கேள்வி நிலுவையில் இருந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்குக் காரத்தில் ஒரு கர்வம். உணவகத்துக்குப் போனால், என் புடவையையும் நரைமுடியையும் பார்த்துவிட்டு, பரிமாறும் பெண் குனிந்து, “இது கொஞ்சம் உறைக்கும், பரவாயில்லையா?” என்று கேட்பாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் கேட்கும் அதே குரல். மதுரைக்காரியைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. கறிதோசைக்கும் மிளகுக் கோழிக்கும் வாக்கப்பட்ட ஊர் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? “பரவாயில்லை” என்று மட்டும் சொல்லி, சாப்பிட்டுக் காட்டுவேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது என்று அதுவரை நான் எந்தப் பரீட்சைக்கும் இப்படி முனைந்ததில்லை.

உள்ளபடி பார்த்தால் அவர்களுடைய கயேன் மிளகாய் ஒன்றும் சளைத்ததல்ல. 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியல்காரர் மிளகாய்க் காரத்தை அளக்க ஒரு கணக்குப் போட்டார். அதன்படி கயேன் 30,000 முதல் 50,000 வரை வரும். நம் குண்டூர் மிளகாயும் ஏறத்தாழ அந்த வட்டாரம்தான். வித்தியாசம் அளவில். அவர்கள் கால் கரண்டி போட்டுவிட்டு எச்சரிக்கை செய்கிறார்கள். நாம் மூன்று கரண்டி போட்டுவிட்டு, “குழந்தைக்கும் கொடுக்கலாம், காரமே இல்லை” என்கிறோம். பாப்ரிகா வெறும் வேஷக்காரன். முகம் மட்டும் சிவப்பு, கோபம் கிடையாது.

காரமே கேஜன், கேஜனே காரம் என்று உலகம் நம்ப ஆரம்பித்ததற்குப் பெரும் காரணம் ஒருவர். பால் புரூடோம். ஓப்பலூஸாஸ் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் 13 பிள்ளைகளில் கடைக்குட்டி. 1979இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்தார். மீனை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மிளகாய், மிளகு, வெள்ளை மிளகு மூன்றும் கலந்த பொடியில் புரட்டி, தகதகவென்று காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டுக் கருக்கி எடுத்தார். அமெரிக்கா முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்தது. எவ்வளவு என்றால், ரெட்ஃபிஷ் என்ற அந்த மீன் வளமே ஆட்டம் கண்டு, 1980களின் பிற்பகுதியில் அதைப் பிடிக்க அரசாங்கம் தடை போட வேண்டியதாயிற்று. மசாலாப் பொடியால் ஒரு மீன் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. 1984இல் அவருடைய சமையல் புத்தகம் வந்தது. டப்பாக்களும் கிளம்பின, கோழி தப்பவில்லை, இறால் தப்பவில்லை. உருளைக்கிழங்கு எப்படித் தப்பும்?

தப்பாத உருளைக்கிழங்கை நான் நேரில் பார்த்தது, பக்கத்து வீட்டம்மா கூப்பிட்ட விருந்தில். எண்பதைத் தொட்ட மனுஷி. என்னை ‘ஷா’ என்று அன்பாகக் கூப்பிடுவார். இளவேனில் வந்தால் அந்த ஊரில் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் கேஸ் அடுப்பு எரியும். அண்டா நிறையத் தண்ணீரும் மசாலாவும் கொதிக்கும். மூட்டை மூட்டையாக வாங்கிவந்த கிராஃபிஷை அதில் கொட்டுவார்கள். கிராஃபிஷ் என்பது ஒரு விரல் நீளச் சிங்கி இறால்; உயிரோடு இருக்கும்போது மீசையை ஆட்டிக்கொண்டு தாசில்தார் தோரணையில் பார்க்கும். கூடவே உருளைக்கிழங்கு, சோளக்கதிர், முழுப் பூண்டு. அடுப்பை அணைத்த பிறகும் உடனே எடுப்பதில்லை, ஊறவிடுவார்கள். உறைப்பு உள்ளே இறங்குவது கொதியில் இல்லை, ஊறலில். பிறகு நீள மேசையில் செய்தித்தாளை விரித்து, அண்டாவை அப்படியே கவிழ்ப்பார்கள். தட்டு கிடையாது, ஸ்பூன் கிடையாது. கையால் சாப்பிடுவது நாகரிகமா என்று நம் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் தேசத்தில் வங்கி மேலாளரும் பாதிரியாரும் முழங்கை வரை ஒழுகவிட்டு கிராஃபிஷ் தலையை உறிஞ்சுவதைக் கண்டு எனக்கு ஆனந்தமாக இருந்தது.

அந்த மேசையில் அதிகம் உறைப்பது கிராஃபிஷ் அல்ல. அதற்கு ஓடு இருக்கிறது. உருளைக்கிழங்குக்கு என்ன இருக்கிறது? அண்டாவில் இருந்த உப்பையும் உறைப்பையும் குடித்துவிட்டுச் சாதுவாகக் கிடக்கும். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காதுக்குள் ரயில் போகிற சத்தம் கேட்டது. தண்ணீர் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். “மோர் இருக்கா?” என்றேன். பீர் கொடுத்தார்கள். மோர் இல்லாத நாட்டில் காரம் வளர்த்தது அவர்கள் தவறு, நான் என்ன செய்ய? பிரெட்டில் வெண்ணெயைத் தடவி மென்று விழுங்கி, “நல்லா இருக்கு” என்றேன். மதுரை மானம் காப்பாற்றப்பட்டது. அந்தம்மா என் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகுதான் அவர் சமையலறைக்குள் எனக்கு அனுமதி கிடைத்தது. பேச்சுவாக்கில் சரித்திரமும் கிடைத்தது. இவருடைய முன்னோர் பிரெஞ்சுக்காரர்கள். இன்றைய கனடாவில், நோவா ஸ்கோஷியா பக்கத்து அகேடியாவில் வயல் வைத்துப் பிழைத்தவர்கள். 1755இல் ஆங்கிலேயர்கள் அவர்களை வீடுவாசலோடு பெயர்த்துக் கப்பலேற்றினார்கள். பிளாசிப் போருக்கு இரண்டு வருஷம் முன்னால். அந்த ஆங்கிலேயர்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்றேன். அகதிகளாக அலைந்தவர்களில் பலர் 1760களிலிருந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள்தான் கேஜன்கள். கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள். பனிக்காட்டிலிருந்து வந்தவர்களுக்கு மிளகாயும் வெண்டைக்காயும் இங்கேதான் பழக்கம். அப்புறம் இருபதாம் நூற்றாண்டில், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசினால் தண்டனை என்று ஆக்கினார்கள். இந்தம்மா சிறுமியாக இருந்தபோது, பிரெஞ்சு பேச மாட்டேன் என்று பக்கம் பக்கமாக எழுத வைத்தார்களாம். வாத்தியார் வர்க்கத்தின் சார்பில் எனக்கு வெட்கமாக இருந்தது. “சமையலுக்கு மட்டும் அவங்களால இம்போசிஷன் கொடுக்க முடியல” என்று சொல்லிச் சிரித்தார் அவர்.

நான் சென்னைக் கேஜன் உருளைக்கிழங்கை விவரித்தேன். மயோனைஸ் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். “அது நல்லாத்தான் இருக்கும் போலிருக்கு. ஆனா எங்க ஆளுங்க யாரு உங்க ஊருக்கு வந்தாங்க?” என்றார். டப்பாப் பொடியைப் பற்றியும் கேட்டேன். எங்கம்மா வீட்டில் டப்பாவே கிடையாது என்றார். உப்பு, மிளகு, கொஞ்சம் கயேன், அவ்வளவுதான். “உருளைக்கிழங்குக்கு வேணுங்கிறது மிளகாய் இல்ல ஷா, நேரம்.”

சொல்லிவிட்டு அடி கனத்த இரும்புச் சட்டியை ஏற்றினார். எனக்கு உயிர் வந்தது. நம் வீட்டு இருப்புச்சட்டியின் எடை, அதே கறுப்பு. எண்ணெய் காய்ந்ததும் இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கிப் போட்டார். நாம் கண்ணாடிப் பதத்தில் விடுவோமே, அவர் விடவில்லை. பழுப்பாகும் வரை கிளறினார். வட்டம் வட்டமாக நறுக்கிய கிழங்கைச் சேர்த்தார். உப்பு, மிளகு, சிட்டிகை கயேன். மூடினார். தீயைத் தணித்தார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சிறிது நேரத்தில் எனக்கு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. துடித்துப்போய் எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். அது பிடிக்கத்தான் வேண்டுமாம். அடியில் பழுப்பாக ஒட்டியதும் கரண்டியால் சுரண்டி, அரைக் கரண்டி தண்ணீர் தெளித்து, அந்தப் பழுப்பையெல்லாம் கிழங்கோடு புரட்டினார். மறுபடி மூடினார். மறுபடி பிடிக்கவிட்டார். மறுபடி சுரண்டினார். முக்கால் மணி நேரத்தில் கிழங்கு பாதி முழுசும் பாதி மசியலுமாய், வெங்காயம் இருந்த இடமே தெரியாமல், ஒவ்வொரு துண்டிலும் அந்தக் காந்தல் ஏறி, தேன் நிறத்தில் வந்து நின்றது. சட்டியின் ஓரத்தில் மிஞ்சியதை இரும்புக் கரண்டியால் வழித்து எனக்கு நீட்டினார். சோற்றுப் பானைக் காந்தலுக்காகத் தம்பியோடு சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு அதன் மரியாதை தெரியும். உறைப்பு நாக்கில் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. ஆனால் கை அடுத்த வாய்க்குப் போனது.

நிலுவையில் இருந்ததைக் கேட்டேன். “இது எதுக்குத் தொட்டுக்க?”

அந்தம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. மற்றொரு அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் திறந்தார். ஆவி பறந்தது. சோறு!

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. லாஃபயெட்டிலிருந்து கொஞ்ச தூரம் மேற்கே போனால் குரோலி என்று ஒரு ஊர். அமெரிக்காவின் நெல் தலைநகரம் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டது. கண்ணுக்கெட்டும் வரை வயல். அறுவடை முடிந்ததும் அதே வயலில் தண்ணீர் கட்டிக் கிராஃபிஷ் வளர்க்கிறார்கள். சோறும் குழம்புமாக மதியச் சாப்பாடு சாப்பிடுகிற ஜனங்கள். வடக்கே போய்விட்டால் உருளைக்கிழங்கு இருக்கிற தட்டில் சோறு இருக்காது. ஒரு மாவுச்சத்து வந்தால் இன்னொன்று வெளிநடப்புச் செய்துவிடும். இங்கே அந்தச் சட்டம் இல்லை. சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் உருளைக்கிழங்கு. கம்போ என்ற அவர்களுடைய குழம்பில் உருளைக்கிழங்கு சாலடையே ஒரு கரண்டி போட்டுச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. இதைப் பார்த்த மருமகள், “அத்தை, கார்போஹைட்ரேட்டுக்கு கார்போஹைட்ரேட்டா?” என்று நெஞ்சில் கைவைத்தாள். எலுமிச்சம்பழச் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொடுத்துத்தான் இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அதைச் சம்பந்தியம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே. பெட்டியில் கொண்டுபோன மோர்மிளகாயைப் பொரித்து, ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். “கொஞ்சம் உறைக்கும், பரவாயில்லையா?” என்று அந்த ஆஸ்பத்திரிக் குரலில் குனிந்து கேட்டேன். இந்த வரியைச் சொல்ல எத்தனை நாளாகக் காத்திருந்தேன்! அவர் முழு மிளகாயைக் காம்போடு எடுத்துக் கடித்தார். கண் கலங்கவில்லை. நிதானமாக மென்றுவிட்டு, “உப்பு நல்லா உள்ள இறங்கியிருக்கு. ஊறப்போட்டீங்களா?” என்றார். உப்பு மோரில் இரவெல்லாம் ஊறி, பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, மறுபடி மோரில் போய் ஊறுகிற கதையைச் சொன்னேன். அண்டாவில் கிராஃபிஷை ஊறவைக்கிற மனுஷிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தார். திருப்பித் தருவார் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதே போய்விட்டது.

போன வாரம் மருமகள் போனில் கொதித்தாள். அந்தம்மா சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுபோயிருக்கிறார். மேலே மோர்மிளகாயை நொறுக்கித் தூவியிருக்கிறார். சட்டி காலி. இது என்ன கைப்பக்குவம் என்று எல்லாரும் கேட்டதற்கு, “எங்க குடும்பத்துப் பழைய வழக்கம்” என்று சொல்லியிருக்கிறார்.

“அது உங்க மோர்மிளகாய், அத்தை! நான் போய்ச் சொல்லவா?”

“விடும்மா. மிளகாயே போர்ச்சுகீசியன் கொண்டுவந்து கொடுத்தது. அதை நாம பாட்டி காலத்துச் சொத்துன்னு கொண்டாடலையா? அவங்க இன்னும் இருநூறு வருஷம் கழிச்சுச் சொல்ல வேண்டியதை இப்பவே சொல்லிட்டாங்க, அவ்வளவுதான். அடுத்த தடவை யாராவது வந்தா ரெண்டு டப்பாவாக் கொடுத்தனுப்புறேன்.”